கொலஸ்டிராலின் போக்குவரத்தும் உட்கரு ஏற்பிகளும்
குக்குலு ஆராய்ச்சி புகட்டும் பாடம்

பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோட்டுக்குச் செல்லும் சாலையில் தமிழ்நாட்டு எல்லையைக் கடந்தவுடன் வருவது கோவிந்தாபுரம். பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்த இச்சிற்றூரின் ஒரு புறம் தென்னந்தோப்புகளும், மறுபுறம் முதலமடையின் மாந்தோப்புகளும், அவற்றுக்கு அப்பால் தென்மலைத் தொடரும் காணப்படுகின்றன. தமிழும் மலையாளமும் ஒரே வீட்டில் வழங்கும் இவ்வெல்லைப் பகுதியில் பணியாற்றும் சுகாதார ஊழியர்களையும் ஆசிரியர்களையும் மக்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. இரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "கொழுப்பு அதிகம் என்று எழுதியிருக்கிறார்கள், மருந்துக் கடையில் கிடைக்கும் குக்குலு மாத்திரை நாட்டு மருந்துதானே, அதையே சாப்பிட்டால் போதாதா?" என்று அவர்கள் வினவுகின்றனர்.

இவ்வினா எளிதாகத் தோன்றினும், இதற்கு விடை கூறப் புகுவோர் நம் நாட்டு விஞ்ஞான வரலாற்றின் ஒரு முக்கியப் பகுதியையும், உயிரணுவின் உட்கருவுக்குள் நிகழும் நுண்ணிய செயல்களையும் ஒருங்கே அறிந்திருத்தல் வேண்டும். வினாவின் அவசரமும் சிறிதன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடைபெற்று 2023-ஆம் ஆண்டில் வெளியான நாடு தழுவிய கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் வயதுவந்தோருள் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இரத்தக் கொலஸ்டிரால் மிகுந்துள்ளது. மாநிலங்களுள் முதலிடம் பெறும் கேரளத்திலோ அது சரிபாதியினரிடம் காணப்பட்டது. இப்பொருளைப் பற்றி இதுகாறும் தெரியவந்துள்ள உண்மைகளைக் களப்பணியாளரும் ஆசிரியரும் பயன்படுத்தத் தக்க வகையில் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கொலஸ்டிரால் என்பது யாது?

பித்தப்பையில் உண்டாகும் கற்களில் மெழுகு போன்ற ஒரு பொருள் இருப்பது பதினெட்டாம் நூற்றாண்டிலேயே அறியப்பட்டிருந்தது. பிரெஞ்சு இரசாயன அறிஞர் செவ்ரூல் 1815-ஆம் ஆண்டையொட்டி, பித்தம், திண்மை என்னும் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து அதற்குப் பெயரிட்டார். பெயரிலேயே பித்தம் அமைந்திருப்பது பொருத்தமானது. ஏனெனில் கொலஸ்டிரால் உடலைவிட்டு வெளியேறும் முக்கிய வழி பித்தநீரே ஆகும்.

கொலஸ்டிரால் தீங்கு செய்வதற்கென்றே பிறந்த பொருள் என்று எண்ணுவது தவறு. உயிரணு ஒவ்வொன்றையும் சூழ்ந்துள்ள மென்சவ்வுக்கு உறுதி அளிப்பது அதுவே. ஆண்மை, பெண்மை ஹார்மோன்களும், அட்ரினல் சுரப்பியின் ஹார்மோன்களும், வைட்டமின் டி-யும், கொழுப்பைச் செரிக்க உதவும் பித்த அமிலங்களும் கொலஸ்டிராலின் வழிவந்தனவே. இதனை உணவிலிருந்து பெறுவதோடு உடல் நில்லாது, நாள்தோறும் ஏறத்தாழ ஒரு கிராம் அளவு தானே உற்பத்தி செய்துகொள்கிறது. ஆகவே புலாலும் முட்டையும் உண்ணாதவரிடத்தும் கொலஸ்டிரால் மிகுதல் கூடும்.

இதில் ஓர் இடர்ப்பாடும் உண்டு. மாவுப்பொருளையும் சாதாரணக் கொழுப்பையும் எரித்து உடல் வெப்பமாக மாற்றிக்கொள்ளும். நான்கு வளையங்கள் பிணைந்த கொலஸ்டிராலின் கட்டுக்கோப்பை மனித உடலால் உடைத்து எரிக்க இயலாது. ஆகவே மிகுதியான கொலஸ்டிராலைப் போக்கும் வழிகள் இரண்டே: அதனைக் கல்லீரலில் பித்த அமிலமாக மாற்றுதல், அல்லது உள்ளபடியே பித்தநீரில் கலந்து குடலுக்கு அனுப்புதல். இவ்வழிகள் அடைபடின் அது உடலில் தேங்கும். தேங்குமிடம் இருதயத்தின் இரத்தக் குழாய்ச் சுவராயின், முடிவு மாரடைப்பாகும்.

வரும் வழியும் திரும்பும் வழியும்

கொலஸ்டிரால் நீரில் கரையாதாதலின், இரத்தத்தில் தனித்துச் செல்ல மாட்டாது. புரதமும் கொழுப்பும் கலந்த நுண்துகள்களில் ஏறியே அது பயணம் செய்கிறது. கல்லீரலிலிருந்து உறுப்புகளுக்குக் கொலஸ்டிராலைக் கொண்டு செல்வது எல்.டி.எல். எனப்படும் அடர்த்தி குறைந்த துகள். உறுப்புகளில் மிகுந்துவிட்டதைத் திரட்டிக் கல்லீரலுக்கு மீட்டு வருவதில் பங்குகொள்வது எச்.டி.எல். எனப்படும் அடர்த்தி மிக்க துகள். பரிசோதனைச் சீட்டில் முன்னதைத் தீய கொலஸ்டிரால் என்றும் பின்னதை நல்ல கொலஸ்டிரால் என்றும் குறிப்பது இதனாலேயே. உண்மையில் இரண்டிலும் உள்ள கொலஸ்டிரால் ஒன்றே. ஏறிச்செல்லும் வண்டியும் திசையுமே வேறு.

எல்.டி.எல். துகளைக் கல்லீரல் உயிரணு எவ்வாறு பற்றி உள்ளிழுத்துக் கொள்கிறது என்பதை அமெரிக்க அறிஞர்களான மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டைன் ஆகிய இருவரும் கண்டறிந்து 1985-ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றனர். உயிரணுவின் வெளிப்புறத்தில் இதற்கெனப் பற்றுக்கொக்கிகள் உள்ளன. இன்று பெரிதும் வழங்கும் ஸ்டாட்டின் மருந்துகள், கல்லீரலில் கொலஸ்டிரால் உற்பத்தியைத் தடுப்பதன் மூலம் இக்கொக்கிகளின் எண்ணிக்கையைப் பெருக்கி, இரத்தத்திலுள்ள எல்.டி.எல். துகள்களை விரைந்து அகற்றுகின்றன.

திரும்பும் வழியின் இன்றியமையாமையை ஓர் அரிய நோய் விளக்கிற்று. அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் உள்ள டாஞ்சியர் என்னும் சிறு தீவில், தொண்டைச் சதைகள் ஆரஞ்சு நிறமாகத் தோன்றும் சிறுவர் இருவர் 1960-களின் தொடக்கத்தில் ஆராயப்பட்டனர். அவர்கள் இரத்தத்தில் எச்.டி.எல். ஏறக்குறைய இல்லவே இல்லை. அந்நிறமோ உயிரணுக்களில் தேங்கிய கொலஸ்டிராலால் உண்டானது. இதற்குக் காரணமான மரபணு 1999-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. ஏ.பி.சி.ஏ.1 என்று பெயர்பெற்ற அம்மரபணு, உயிரணுவின் சவ்வில் அமர்ந்து கொலஸ்டிராலை வெளியே இறைக்கும் ஓர் ஏற்றத்தைப் போன்ற புரதத்தை உண்டாக்குவது. ஏற்றம் பழுதானால் கிணறு நிரம்பி வழிவதைப் போன்றதே அச்சிறுவர்களின் நிலை.

இந்த ஏற்றம் எப்பொழுது இயங்க வேண்டும், எப்பொழுது ஓய வேண்டும் என்பதை ஆணையிடுவது யார்? இங்கேதான் உட்கரு ஏற்பிகள் வருகின்றன.

உட்கரு ஏற்பிகள்

ஏற்பி என்பது குறிப்பிட்டதொரு மூலக்கூறை மட்டும் இனங்கண்டு பற்றிக்கொள்ளும் புரதம். பல ஏற்பிகள் உயிரணுவின் மேற்பரப்பில் உள்ளன. வேறொரு வகையினவோ உட்கருவுக்குள்ளேயே இருந்து மரபணுக்களின் மீது நேரே அமர்பவை. ஆதலின் இவற்றை உட்கரு ஏற்பிகள் என்கிறோம். மனிதரிடம் இத்தகையவை 48 உள்ளன. பெண்மை ஹார்மோனைப் பற்றும் ஏற்பியை எல்வுட் ஜென்சன் 1950-களின் இறுதியில் இனங்காட்டினார். 1980-களின் நடுவில் ரொனால்ட் எவன்ஸ், பியேர் ஷாம்போன் ஆகியோர் இத்தகைய ஏற்பிகளின் மரபணுக்களைப் பிரித்தெடுத்தபோது, இவை யாவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது புலனாயிற்று.

கோவிந்தாபுரத்துச் சாலையை நன்கறிந்தோர்க்கு இதனை ஓர் உவமையால் விளக்கலாம். 2017-ஆம் ஆண்டில் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வரும் வரையில், எல்லையில் வணிக வரிச் சாவடி இருந்தது. சாலையின் குறுக்கே மரம் தாழ்த்தப்பட்டிருக்கும். வண்டிக்காரர் உரிய சீட்டைக் காட்டினால் அலுவலர் மரத்தை உயர்த்துவார். மரபணுவின் முகப்பில் அமர்ந்துள்ள ஏற்பியும் அத்தகைய அலுவலரே. உரிய மூலக்கூறாகிய சீட்டு வராதபோது, அது தடைசெய்யும் துணைப்புரதங்களைத் தன்னுடன் வைத்துக்கொண்டு மரபணுவை அடக்கி வைக்கிறது. சீட்டு வந்து ஏற்பியின் குழியில் பொருந்தியதும் ஏற்பியின் வடிவம் சிறிது மாறுகிறது. தடைசெய்வோர் விலக, ஊக்குவிக்கும் துணைப்புரதங்கள் வந்து சேர்கின்றன. மரபணுவின் செய்தி படியெடுக்கப்பட்டுப் புரதம் உண்டாகிறது.

அலுவலர் தம் இருக்கையை எங்ஙனம் அறிவார்? டி.என்.ஏ. இழையில் ஏ, ஜி, ஜி, டி, சி, ஏ என்ற ஆறெழுத்துக் குறியீடு இருமுறை வரும் இடங்கள் உள்ளன. இக்குறியீடுகள் எத்திசையில் அமைந்துள்ளன, அவற்றிடையே எத்தனை எழுத்து இடைவெளி உள்ளது என்பதைப் பொறுத்து, இன்ன ஏற்பி இங்கே அமரும் என்று தீர்மானிக்கப்படுகிறது. கொலஸ்டிரால் தொடர்பான ஏற்பிகள் தனித்து அமர்வதில்லை, ஆர்.எக்ஸ்.ஆர். என்னும் துணை ஏற்பியுடன் இணைந்தே அமர்கின்றன. இத்துணை ஏற்பி வைட்டமின் ஏ-யிலிருந்து உண்டாகும் ஒரு பொருளைப் பற்ற வல்லது.

கண்டறியப்பட்ட காலத்தில் இவ்வேற்பிகளுள் பலவற்றுக்கு உரிய சீட்டு எது என்று தெரியவில்லை. ஆகவே அவற்றை அநாதை ஏற்பிகள் என்று அழைத்தனர். அநாதைகளுக்கு உறவினரைத் தேடிக் கண்டுபிடித்ததே 1990-களில் நடந்த பெரும்பணி.

மிகுதியை உணர்ந்து வெளியேற்றும் ஏற்பி

எல்.எக்ஸ்.ஆர். எனப்படும் ஏற்பிக்கு உரியவை, கொலஸ்டிராலுடன் பிராணவாயு சேர்ந்து உண்டாகும் பொருள்கள் என்பதை 1996-ஆம் ஆண்டில் டல்லாஸ் நகரத்து ஆய்வாளர்கள் கண்டனர். உயிரணுவில் கொலஸ்டிரால் மிகும்போது இப்பொருள்களும் மிகுகின்றன. ஆதலின் எல்.எக்ஸ்.ஆர். கொலஸ்டிராலின் மட்டத்தை அளந்தறியும் கருவி போன்று விளங்குகிறது. அவ்வேற்பி இல்லாமற் செய்யப்பட்ட சுண்டெலிகளுக்குக் கொலஸ்டிரால் மிக்க உணவை அளித்தபோது அவற்றின் கல்லீரலில் அது பெருமளவில் தேங்கிற்று என 1998-ல் அறியப்பட்டது. 2000-ஆம் ஆண்டில், முன்னர்க் கூறிய ஏ.பி.சி.ஏ.1 என்னும் ஏற்றத்தின் மரபணுவைத் தூண்டுவதும் இவ்வேற்பியே என்பது உறுதியாயிற்று.

இரத்தக் குழாய்ச் சுவரில் நிகழ்வதை இப்பொழுது வரிசைப்படுத்திக் கூறலாம். சுவரில் தங்கிய எல்.டி.எல். துகள்களைத் துப்புரவு செய்யும் வெள்ளணுக்கள் விழுங்குகின்றன. அவற்றுள் கொலஸ்டிரால் பெருகுகிறது. உடன் பிராணவாயு சேர்ந்த பொருள்களும் பெருகுகின்றன. எல்.எக்ஸ்.ஆர். விழித்து, ஏ.பி.சி.ஏ.1, ஏ.பி.சி.ஜி.1 ஆகிய ஏற்றங்களை அமைக்க ஆணையிடுகிறது. இவை கொலஸ்டிராலை வெளியேற்ற, எச்.டி.எல். துகள்கள் அதனை ஏற்றுக் கல்லீரலுக்குக் கொணர்கின்றன. கல்லீரலிலும் குடலிலும் ஏ.பி.சி.ஜி.5, ஏ.பி.சி.ஜி.8 என்னும் மற்றோர் இணை, அதே ஏற்பியின் ஆணைப்படி கொலஸ்டிராலைப் பித்தநீருக்கும் குடலுக்கும் தள்ளுகிறது. எண்ணெய் வித்துகளிலுள்ள தாவர ஸ்டிரால்களை உடலில் சேரவிடாமல் திருப்பியனுப்புவதும் இவ்விணையே. அதில் பழுதுள்ளோர் உடலில் தாவர ஸ்டிரால்கள் தேங்கி இளமையிலேயே இருதய நோய் தோன்றக்கூடும்.

அங்ஙனமாயின் எல்.எக்ஸ்.ஆரைத் தூண்டும் மருந்தொன்றைச் செய்துவிடலாமே என்று தோன்றும். அம்முயற்சியும் நடந்தது. ஆயினும் அவ்வேற்பி கல்லீரலில் கொழுப்பு அமிலங்களின் உற்பத்தியையும் உடன் தூண்டுகிறது. அதனைத் தூண்டும் பொருளை ஏற்ற எலிகளின் இரத்தத்தில் டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பு மிகுந்தது. 2016-ல் வெளியான மனிதச் சோதனையிலும் இத்தகைய தீய விளைவுகளே தோன்றின. ஓர் அலுவலர் பல வாயில்களுக்குப் பொறுப்பாயிருப்பின், ஒரு வாயிலை மட்டும் திறக்குமாறு அவரைப் பணிப்பது எளிதன்று.

பித்த அமிலத்தின் அளவைக் காக்கும் ஏற்பி

எப்.எக்ஸ்.ஆர். என்னும் இரண்டாவது ஏற்பிக்கு உரியவை பித்த அமிலங்களே என்பதை 1999-ஆம் ஆண்டில் மூன்று ஆய்வுக் குழுவினர் தனித்தனியே வெளியிட்டனர். பித்த அமிலங்கள் சவர்க்காரத்தின் தன்மை உடையவை. கொழுப்பைக் கரைப்பதற்கு வேண்டியவை. மிகுந்தால் கல்லீரலையே அரிக்கக் கூடியவை. ஆகவே உடல் இவற்றைச் சிக்கனமாகவும் எச்சரிக்கையாகவும் கையாள்கிறது. குடலுக்குச் சென்ற பித்த அமிலத்தில் நூற்றுக்கு 95 பங்கு சிறுகுடலின் கடைப்பகுதியில் மீண்டும் உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்குத் திரும்புகிறது. மலத்துடன் கழிவதாகிய எஞ்சிய சிறுபங்கை ஈடுசெய்யவே கல்லீரல் கொலஸ்டிராலிலிருந்து புதிதாகப் பித்த அமிலம் செய்கிறது.

கல்லீரலில் பித்த அமிலம் போதிய அளவு உள்ளபோது எப்.எக்ஸ்.ஆர். தூண்டப்படுகிறது. அது மற்றொரு தடைப் புரதத்தை உண்டாக்கி, கொலஸ்டிராலைப் பித்த அமிலமாக மாற்றும் தலைமை நொதியின் மரபணுவை அடக்குகிறது. குடலிலிருந்தும் இதே கட்டளையுடன் ஒரு ஹார்மோன் கல்லீரலுக்கு வருகிறது. அதே வேளையில் கல்லீரலிலிருந்து பித்த அமிலத்தை வெளியே தள்ளும் இறைப்புப் புரதத்தின் மரபணுவை எப்.எக்ஸ்.ஆர். திறந்துவிடுகிறது. சுருங்கக் கூறின், 'உற்பத்தியை நிறுத்து, இருப்பை வெளியேற்று' என்பதே இவ்வேற்பியின் ஆணை. உற்பத்தி நின்றால் கொலஸ்டிரால் செலவாகும் வழி குறுகுகிறது என்பதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளல் வேண்டும். குக்குலுவின் கதை இவ்விடத்தில்தான் வந்து இணைகிறது.

காசியிலும் லக்னௌவிலும் நடந்த ஆராய்ச்சி

குக்குலு என்பது கட்ச், சௌராஷ்டிரம், இராஜஸ்தானம் ஆகிய வறண்ட பகுதிகளில் வளரும் முட்செடி ஒன்றின் பிசின். சுசுருதரின் நூல் உடற்பருமனையும் கொழுப்பு மிகுவதால் வரும் கேடுகளையும் விவரித்து, அவற்றுக்கு மருந்தாகக் குக்குலுவைக் கூறுகிறது. அவ்விவரணத்துக்கும் இரத்தக் குழாய் தடித்துப்போதல் பற்றிய இக்கால மருத்துவக் கருத்துக்கும் உள்ள ஒற்றுமையைக் கவனித்தவர் ஜி. வி. சத்தியவதி. காசி இந்துப் பல்கலைக் கழகத்தில் 1966-ஆம் ஆண்டில் தாம் அளித்த ஆய்வுரையில், கொலஸ்டிரால் ஏற்றப்பட்ட முயல்களுக்குக் குக்குலுவைக் கொடுத்ததனால் அவற்றின் இரத்தக் கொலஸ்டிரால் குறைந்ததையும், இரத்தக் குழாய்கள் காக்கப்பட்டதையும் அவர் எடுத்துக்காட்டினார். பிற்காலத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநராக உயர்ந்த முதற் பெண்மணியும் இவரே.

இதன் பின்னர்ப் பணி இரு திசைகளில் விரிந்தது. 1972-ஆம் ஆண்டில் இரசாயன அறிஞர் சுக் தேவும் அவர்தம் குழுவினரும் இப்பிசினிலிருந்து குக்குல்ஸ்டிரோன் என்னும் பொருளின் இரு வடிவங்களைப் பிரித்து அவற்றின் அமைப்பை வெளியிட்டனர். அவை கொலஸ்டிராலைப் போன்றே நான்கு வளையங்களை உடையவை. விஞ்ஞானத் தொழில் ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் 1951-ல் லக்னௌவில் தொடங்கப்பட்ட மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையமோ, எதில் அசிடேட்டில் கரையும் பகுதியைத் தரப்படுத்தி, குக்குலிப்பிட் என்ற மருந்தாக வளர்த்தெடுத்தது. 1980-களின் பிற்பகுதியில் இதனை விற்பனை செய்ய இந்திய அரசின் அனுமதி கிடைத்தது.

பம்பாய், பெங்களூர், தில்லி, ஜெய்ப்பூர், லக்னௌ, நாகபுரி, காசி ஆகிய ஏழு நகரங்களில் நடைபெற்ற மருத்துவச் சோதனைகளின் முடிவுகள் 1989-ல் வெளியாயின. 205 நோயாளிகள் 12 வாரம் மருந்துண்ட முதற் சோதனையில், நூற்றுக்கு 70 முதல் 80 பேரிடம் கொலஸ்டிரால் சராசரி நூற்றுக்கு 23.6 பங்கு குறைந்தது. இஃது, உண்பது மருந்தென நோயாளியும் மருத்துவரும் அறிந்தே நடத்திய சோதனை. இருசாராருக்கும் மறைத்து நடத்திய அடுத்த சோதனையில் குறைவு நூற்றுக்கு 11 பங்காகவே இருந்தது. இவ்விரு எண்களுக்கும் இடையேயுள்ள வேற்றுமையை ஆசிரியர்கள் மாணவர்க்குச் சுட்டிக்காட்டுதல் தகும். நம்பிக்கையின் விளைவை நீக்கி மருந்தின் விளைவை மட்டும் அளப்பது எத்துணை அவசியம் என்பதற்கு இஃது ஒரு நல்ல சான்று.

2002: விளக்கம் கிடைத்தது போல் தோன்றிய காலம்

குக்குலு கொலஸ்டிராலைக் குறைக்கிறதெனில், எவ்வழியே என்பது நெடுநாள் விளங்கவில்லை. 2002-ஆம் ஆண்டில் ஹூஸ்டன் நகரத்து பெய்லர் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டேவிட் மூரும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு விடையை வெளியிட்டனர். குக்குல்ஸ்டிரோன், எப்.எக்ஸ்.ஆர். ஏற்பியைத் தடுக்கும் பொருள் என்பதே அது. சாவடி உவமையில் கூறின், பித்த அமிலம் காட்ட வேண்டிய சீட்டின் இடத்தில் பொருந்தி, ஆணை பிறவாமற் செய்யும் போலிச் சீட்டு இது.

அவர்கள் செய்த சோதனை எளிமையும் தெளிவும் உடையது. கொலஸ்டிரால் மிகுந்த உணவுண்ட சாதாரணச் சுண்டெலிகளுக்குக் குக்குல்ஸ்டிரோன் அளித்தபோது கல்லீரலில் கொலஸ்டிரால் குறைந்தது. எப்.எக்ஸ்.ஆர். மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகளுக்கு அதே பொருளை அளித்தபோது எவ்விதக் குறைவும் ஏற்படவில்லை. அலுவலரே இல்லாத சாவடியில் போலிச் சீட்டுக்கும் வேலையில்லை அல்லவா? உற்பத்தியை நிறுத்தும் ஆணை தடைபடவே, கொலஸ்டிரால் மேலும் மேலும் பித்த அமிலமாக மாறிச் செலவாகும் என்று இதற்கு விளக்கம் கூறலாயிற்று. காசியில் முயல்களிடம் தொடங்கிய ஆராய்ச்சிக்கு உட்கரு ஏற்பிகளின் விஞ்ஞானம் விளக்கம் தந்துவிட்டதென்று பலரும் மகிழ்ந்தனர்.

2003: எதிர்பாராத முடிவு

அடுத்த ஆண்டே வேறு செய்தி வந்தது. அமெரிக்காவின் பிலடெல்பியாவில், கொலஸ்டிரால் மிகுந்த 103 பேரை மூன்று பிரிவாக்கி 8 வாரம் சோதித்தனர். ஒரு பிரிவினர் வெற்று மாத்திரையையும், ஏனைய இரு பிரிவினர் நாளொன்றுக்கு மூன்று வேளை குறைந்த அளவிலும் மிகுந்த அளவிலும் குக்குலிப்பிட்டையும் உண்டனர். வெற்று மாத்திரை உண்டோரிடம் எல்.டி.எல். நூற்றுக்கு 5 பங்கு குறைந்தது. மருந்துண்டோரிடமோ நூற்றுக்கு 4, 5 பங்கு உயர்ந்தது. மருந்துண்டோருள் அறுவருக்குத் தோலில் தடிப்பு உண்டாயிற்று.

இம்முரண்பாட்டை எவ்வாறு புரிந்துகொள்வது? மூன்று காரணங்களைக் கருதலாம். முதலாவது, சுண்டெலி மனிதன் அன்று. சுண்டெலியின் இரத்தத்தில் கொலஸ்டிராலின் பெரும்பகுதி எச்.டி.எல். துகள்களிலேயே செல்கிறது, துகள்களிடையே கொலஸ்டிராலை மாற்றித்தரும் ஒரு முக்கியப் புரதம் அதனிடம் இல்லை. கொலஸ்டிரால் மிகும்போது பித்த அமில உற்பத்தியை எல்.எக்ஸ்.ஆர். மூலம் பெருக்கிக்கொள்ளும் ஆற்றல் சுண்டெலிக்கு உண்டு. மனிதருக்கு அது இல்லை. இரண்டாவது, குக்குல்ஸ்டிரோன் ஒரே ஏற்பியுடன் நின்றுவிடுவதில்லை. பித்த அமிலத்தை வெளியேற்றும் இறைப்புப் புரதத்தின் மரபணுவை அது தடுப்பதற்கு மாறாக மேலும் தூண்டுகிறதென 2003-லேயே காணப்பட்டது. மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளை ஆளும் பி.எக்ஸ்.ஆர். என்ற வேறோர் உட்கரு ஏற்பியையும் அது தூண்டுகிறது. மூன்றாவது, உணவுப் பழக்கமும் உடலமைப்பும் வேறுபட்ட மக்களிடம் ஒரே மருந்தின் விளைவு வேறுபடலாம்.

இதனால் எப்.எக்ஸ்.ஆருக்கும் மனிதரின் கொலஸ்டிராலுக்கும் தொடர்பில்லை என்று கொள்ளலாகாது. ஒபெட்டிகோலிக் அமிலம் என்ற, எப்.எக்ஸ்.ஆரைத் தூண்டும் மருந்தைக் கல்லீரல் நோயாளிகளுக்கு அளித்துச் செய்த சோதனையில் அவர்களுடைய எல்.டி.எல். உயர்ந்ததென 2015-ல் அறிவிக்கப்பட்டது. ஏற்பியின் தொடர்பு உண்மையே. ஆனால் ஏற்பி ஒன்றின் செயலை விளக்கிவிடுவதும் நோயாளியைக் குணப்படுத்துவதும் ஒன்றல்ல என்பதே குக்குலு ஆராய்ச்சி புகட்டும் பாடம்.

பெயரால் வரும் மயக்கம்

கோவிந்தாபுரத்தை அடுத்த மலைப்பகுதிகளில் பணியாற்றுவோர் இன்னொன்றையும் அறிந்திருத்தல் நன்று. தமிழில் குங்கிலியம் என்ற பெயர் பல பிசின்களுக்குப் பொதுவாக வழங்குகிறது. ஆனைமலை, பரம்பிக்குளம் காடுகளில் காடர் முதலிய பழங்குடி மக்கள் சேகரித்துவரும் கருங்குங்கிலியமும், மேற்குத் தொடர்ச்சி மலையின் வெள்ளைக் குங்கிலியமும் முற்றிலும் வேறான மரங்களின் பிசின்கள். இவை தூபத்துக்கும் வார்னிஷுக்கும் பயன்படுபவை. ஒலியொற்றுமை கருதி இவற்றைக் குக்குலு என்று எண்ணி உட்கொள்வது பெருந்தவறாகும்.

உண்மையான குக்குலுச் செடியின் நிலையும் கவலைக்குரியது. மிகுதியான பிசினைப் பெறும் ஆசையால் தண்டில் ஆழமாகக் கீறிவிடுவதனால் செடிகள் பட்டுப்போகின்றன. சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதனை அழிவின் விளிம்பிலுள்ள இனமாக வகைப்படுத்தியுள்ளது. பயன் ஐயத்துக்குரிய ஒன்றுக்காக ஒரு செடியினமே அழிவது தகுமா என்பது சிந்திக்கத் தக்கது.

களப்பணியாளர் கூறத்தக்கவை

தொடக்கத்தில் குறிப்பிட்ட வினாவுக்கு இனி விடை கூறலாம். குக்குலு நம் முன்னோர் அறிந்த மருந்து என்பதிலும், அதைப் பற்றி நம் நாட்டில் சிறந்த ஆராய்ச்சி நடந்தது என்பதிலும் ஐயமில்லை. ஆயினும், மருத்துவர் ஸ்டாட்டின் மருந்தை அளித்திருப்பின் அதனை நிறுத்திவிட்டுக் குக்குலுவை உண்ணலாம் என்று எவரும் கூறுவதற்கு ஆதாரமில்லை. இருதய நோய்க்கு வழங்கும் புரோப்ரனலால், டில்டியாசெம் ஆகிய மருந்துகள் உடலில் சேரும் அளவைக் குக்குலிப்பிட் குறைப்பது 1994-லேயே கண்டறியப்பட்டுள்ளது. ஆகவே குக்குலு உண்போர் அதனை மருத்துவரிடம் மறைக்காமல் கூறுமாறு வற்புறுத்த வேண்டும்.

தேங்காய் எண்ணெயைப் பற்றியும் கேள்வி எழும். 'அதில் கொலஸ்டிரால் இல்லை' என்று புட்டியில் அச்சிட்டிருப்பது உண்மையே. தாவர எண்ணெய் எதிலும் அது குறிப்பிடத்தக்க அளவில் இல்லை. ஆனால் தேங்காய் எண்ணெயின் பெரும்பகுதி பூரிதக் கொழுப்பு. பூரிதக் கொழுப்பு, கல்லீரல் எல்.டி.எல். துகள்களைப் பற்றும் திறனைக் குறைக்கிறது. 16 சோதனைகளை ஒன்றுசேர்த்து 2020-ல் வெளியான மதிப்பீட்டின்படி, வெப்பமண்டலத்தைச் சாராத பிற தாவர எண்ணெய்களை உண்டோரைவிடத் தேங்காய் எண்ணெய் உண்டோரிடம் எல்.டி.எல்., நூறு மில்லிலிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ 10 மில்லிகிராம் மிகுந்திருந்தது, எச்.டி.எல். உயர்வு ஏறத்தாழ 4 மில்லிகிராம் மட்டுமே. தென்னையையே நம்பி வாழும் பகுதியில் அதனை அறவே விலக்குமாறு கூறுவது பொருந்தாது. அளவைக் குறைத்து, நல்லெண்ணெய், கடலை எண்ணெய் முதலியவற்றையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துமாறு கூறலாம். காய்கறி, பயறு, தவிடு நீக்காத தானியம் ஆகியவற்றிலுள்ள கரையும் நார்ப்பொருள், குடலில் பித்த அமிலத்தைப் பற்றி மலத்துடன் கழிக்கிறது. அவ்விழப்பை ஈடுசெய்யக் கல்லீரல் கொலஸ்டிராலைச் செலவிட நேர்கிறது. எப்.எக்ஸ்.ஆரைத் தடுத்துப் பெற விரும்பிய பயனில் ஒரு பகுதியை நாள்தோறும் உண்ணும் உணவினாலேயே பெறலாம் என்பது இதனால் விளங்கும்.

உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் உயிரணுவைப் பற்றிய பாடத்தில் உட்கருவை 'உயிரணுவின் தலைமை அலுவலகம்' என்று கூறி நிறுத்திவிடுவது வழக்கம். அங்கே ஆணைகள் எவ்வாறு பிறக்கின்றன, உண்ட உணவே ஆணையின் சீட்டாக மாறுவது எங்ஙனம் என்பதையும் சேர்த்துக் கூறுவாராயின், மாணவர்க்கு மரபணு என்பது பெற்றோரின் சாயலைக் கடத்தும் பொருளாக மட்டுமன்றி, நாளும் பொழுதும் இயங்கும் பொருளாகவும் விளங்கும். காசியில் சான்று, லக்னௌவில் மருந்து, ஹூஸ்டனில் விளக்கம், பிலடெல்பியாவில் மறுப்பு எனச் சென்ற குக்குலுவின் வரலாறு, விஞ்ஞானம் தன் முடிவுகளைத் தானே சோதித்துத் திருத்திக்கொள்ளும் முறைக்கும் தக்க எடுத்துக்காட்டாகும். பரிசோதனைச் சீட்டுடன் வருபவர்க்கு நாம் அளிக்கும் விடையும் அத்தகைய நேர்மையுடன் இருத்தல் வேண்டும்.